பீரோவில் எழுதப்போகும் பெயர்

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இன்று எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், பதினொரு நாள்.

என் அன்புக்குரியவரே, இந்த நிமிடம் எதிரில் இருந்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவரே,

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்" என்றார்கள். உண்மைதான். நிம்மதியைக் கையோடு எடுத்துக்கொண்டு, அந்த டிரங்குப் பெட்டியை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

பெட்டிக்குள் இருப்பவை போர்வை மாதிரிகள். துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வைகளுக்கானவை. கப்பல்காரர்கள் படித்துப் போட்ட வெளிநாட்டுப் பெண்கள் பத்திரிகைகள் துறைமுகத்தருகே பழைய பேப்பர் கடைக்கு வரும். வேலை முடிந்து ராயபுரத்துக்குத் திரும்பும் வழியில் அவற்றை வாங்கிவந்து, போர்வைப் பக்கங்களை மட்டும் பிளேடால் கீறி எடுப்பீர்கள். யாராவது கேட்டால், "வூட்ல கேக்குறாங்கப்பா" என்பீர்கள். நான் எப்போது கேட்டேன்?

திருவொற்றியூரில் மீனவப் பெண்களுக்குத் தையல்கூடம் நடத்துகிற கஸ்தூரி, அந்த மாதிரிகளைத் தங்கள் கூடத்துக்குக் கேட்டாள். சம்மதித்தேன். அவற்றுக்கென்றே ஒரு பீரோவும் வாங்கிவிட்டார்கள். நட்சத்திரம் ஒரு ஃபைலில், பூ ஒரு ஃபைலில் என்று பிரிக்கலாமென்று, பெட்டியைத் தரையில் கவிழ்த்து, கவர்களைப் பிரித்துக் கொட்டினோம். அத்தோடு போயிற்று. ஒரே போர்வையின் நடுப்பகுதி ஒரு ஃபைலிலும் கரைப்பகுதி வேறொன்றிலும் போய்ச் சேர்ந்தன.

"இன்னா டீச்சரம்மா, நீங்க அடுக்குன பொட்டிதானே? எது எங்க கீதுன்னு ஒங்களுக்கே தெரியலியா?" என்றாள். இன்னொரு நாள் ஊசியும் துணியுமாக வந்து, மூலையை மடித்துத் தைப்பதை ஒரு தரம் காட்டச் சொன்னாள். கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

பிறகுதான் உங்கள் சாப்பாட்டுநேரப் புலம்பல் நினைவுக்கு வந்தது. கப்பலின் அடிவயிற்றில் சரக்கு அடுக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர் அல்லவா? "மொதத் துறைமுகத்துல எறங்குற சரக்கு மேல, கடைசில எறங்குறது அடில. இதுகூடத் தெரியாதவன்லாம் மேஸ்திரி!" என்று சோற்றைப் பிசைந்தபடி திட்டுவீர்கள். பெட்டியையும் அப்படியே அடுக்கியிருக்கிறீர்கள். குழந்தைப் போர்வைகள் மேலே. எந்த வீட்டில் எப்போது பிறக்கும் என்று யார் கண்டது? அதற்கடியில் கல்யாணப் பரிசுகள். பெரிய கட்டில் விரிப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில். ஒவ்வொரு அடுக்கையும் புடவைக் கவரில் போட்டு, இடையிடையே வசம்பு. உப்புக்காற்றும் கரித்தூசும் ஒரு தாளைக்கூடத் தொடவில்லை.

இதை ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? தரையில் குனிந்து குனிந்து என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

அதுகூடப் பரவாயில்லை. நேற்றுக் கஸ்தூரி, "பீரோ மேல ஒங்க பேரு எழுதத் திங்கக்கெழம பெயின்டர் வராரு. பின்னால எம்.ஏ. போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். உங்கள் கூட்டத்தில் மிச்சமிருக்கும் மஸ்தான் பாய் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தாராளமாப் போடும்மா! எங்க மேஸ்திரிக்கு ஊசில நூல் கோக்கத் தெரியுமா இன்னா? கோணி தெக்கச் சொன்னா வெரலக் குத்திக்கினு நிக்கும். எல்லாம் அண்ணி கைவேலை" என்றார். கஸ்தூரி விழுந்து விழுந்து சிரித்தாள். வேண்டுமென்றேதானே விரலைக் குத்திக்கொண்டீர்கள்?

அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்து எழுதிய பிள்ளைகளைக் கல்லூரியில் வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியவள் நான். அப்படிப்பட்ட என்னை, போர்வை தைத்துத் தந்தவள் என்று எத்தனை கல்யாண வீடுகளில் நடுக்கூடத்தில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள்! உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றும், உங்கள் மேல் கிடந்த போர்வையைத் தடவிப் பார்த்து, "அம்மாவுக்கு என்ன கை!" என்றார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தீர்கள். வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

இனி உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஆங்கிலம் உங்களுக்குப் புரியாது என்று, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான். அந்தக் கையெழுத்தைக் காட்டியே என் வாயை அடைப்பார்கள்.

அடைத்துப் பார்க்கட்டும். நாளைக் காலை பெயின்டருக்கு முன்னால் நான் போய் நிற்பேன். பீரோவில் "மேஸ்திரி தேவராஜ்" என்றுதான் எழுதுவான். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. மஸ்தான் பாய் சிரித்தால் சிரிக்கட்டும்.

"கப்பல்ல தெரிஞ்சா மானம் போயிடும், கமலா" என்றீர்கள். என் பெயரை எடுத்து உங்கள் மானத்துக்குப் போர்த்திக்கொண்டீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தைத்தவர் நீங்கள். வாசலில் நாற்காலி போட்டு, விடைத்தாள் திருத்துகிற சாக்கில் காவல் இருந்தவள் நான். யாராவது வந்தால் இருமுவேன். ஊசியையும் துணியையும் என் கட்டிலில் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவீர்கள்.

ஊர் கேட்கட்டும்: எனக்கு இன்றுவரை ஒரு பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது.

இனி இருமப்போவதில்லை,
உங்கள் மனைவி
கமலவேணி