கலஹா மண்ணும் சேற்று டயரும்

1998 மே 18, திங்கள்

கடைக்குச் சாமான் போடும் றவூப் மடவளையிலிருந்து மலைச் சைக்கிள் டயர் இரண்டு வகை கொண்டுவந்து இறக்கினார். ஒன்று அகலம், மேலுள்ள ரப்பர் பட்டன்கள் சின்னவை, நெருக்கம். மற்றது ஒடுக்கம்; பட்டன்கள் உயரமாக, இடைவெளி விட்டு. "கொழும்புல அகலந்தான் ஓடுது, அதையே எடுங்க" என்றார். கொழும்பில் தார் ரோடு. இங்கே மழை தொடங்கிவிட்டது.

கடுகண்ணாவை விஜேதிலக்க மாஸ்டர் தன் சைக்கிள் கழகத்துக்கு டயர் கேட்டிருக்கிறார். ஜூலையில் மலைப்பாதையில் போட்டி. சேற்றில் வழுக்கக்கூடாதாம். ஜனவரியில் இங்கே புத்த கோயிலில் குண்டு வெடித்த பிறகு, தமிழன் கடை என்று சிங்கள வாடிக்கை பாதி போய்விட்டது. மாஸ்டர்தான் முன்போலவே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார். அவருக்குத் தப்பான டயரைக் கொடுக்கக்கூடாது.

மே 21, வியாழன்

ஓட்டிப் பார்க்காத சாமானை விற்பதில்லை. தலையில் டியூப் சுமந்து விற்ற காலத்திலிருந்து அதுதான் என் வழக்கம். அழகையாவை அனுப்பினேன். என் தங்கச்சி பாலாம்பிகையின் புருஷன். கடையில் திருத்த வேலை முழுக்க அவன்தான். முன் சக்கரத்துக்கு ஒரு வகை, பிறகு மற்றது என்று மாற்றி மாற்றி, கலஹா பக்கம் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஓட்டிவிட்டு வந்தான். முதுகெல்லாம் சேறு.

"மச்சான், அகலமானது டயரே இல்ல, கொழுக்கட்டை. மாவு அப்பிக்கிட்டு சும்மா உருளுது."

பட்டன்களுக்கு நடுவில் களிமண் அடைத்ததும் பிடி போய்விடுகிறது. ஒடுக்கமானது சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கிறது. சுற்றும்போது சேற்றை உதறியும் விடுகிறது. ஆனால் ஈரக் கல்லில் வழுக்குகிறது. காற்றைக் குறைத்தால் சரியாகுமாம். எவ்வளவு குறைப்பது? அது மண்ணைப் பொறுத்தது என்கிறான்.

மே 24, ஞாயிறு

போட்டி நடப்பது கடுகண்ணாவை மண்ணில். நாங்கள் பார்த்தது கலஹா மண். இரண்டும் ஒரே மாதிரி ஒட்டுமா? ஒவ்வொரு தடவையும் மழையில் போய்வர முடியாது. ஒரு யோசனை வந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு டின் மண் எடுத்து வந்தால், கடைக்குப் பின்னால் பலகையில் குழைத்துப் பூசிச் சக்கரத்தை உருட்டிப் பார்க்கலாம். பால்மா டின்களைக் கழுவி வைத்தேன். குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி ஊர்ப்பெயரும் அந்த மண்ணில் சோதிக்க வேண்டிய காற்றின் அளவும் எழுதினேன்.

அழகையா சிரித்தான். "மண்ணு விக்கப் போறீங்களா மச்சான்?"

மே 27, புதன்

டின்களோடு மண் எடுக்கப் போன அழகையா இன்னும் வரவில்லை.

மே 28, வியாழன்

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிசுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதே பஸ்ஸில் வந்த ஒருவர் கடைக்கு வந்து, குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். பையில் டின்கள். டின்களில் தமிழ் எழுத்து. ஊர்ப்பெயர்கள், பக்கத்தில் எண்கள். என்ன என்று கேட்டார்களாம், "மண்" என்றானாம். எதற்கு என்று கேட்டார்களாம், "டயருக்கு" என்றானாம். அதற்குத்தான் முதல் அடி விழுந்ததாம்.

வேறென்ன சொல்வான்? மண்தானே. டயருக்குத்தானே.

சிங்களத்தில் எழுதியிருக்கலாம். எனக்கு நன்றாக எழுத வரும். ஏன் எழுதவில்லை? தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மே 30, சனி

பாலாம்பிகை பிள்ளைகளோடு வந்து கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வாடிக்கைக்காரர் போனதும்தான் வாயைத் திறந்தாள்.

"மண்ணு எடுத்தாரச் சொன்னது நீங்கதானே அண்ணே?"

"நான்தான்."

"அப்ப அத நீங்க போயி சொல்லுங்களேன்."

"நான் போனா ரெண்டு பேரு உள்ள. வெளிய யாரு இருக்கிறது? சிங்கள ஆளு ஒருத்தர் சொன்னாத்தான் நம்புவாங்க. மாஸ்டரக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"டயரப் பத்தி மட்டும் எல்லாம் தெரியுது உங்களுக்கு" என்றாள்.

நான் சொன்னது சரியான கணக்குத்தான். பயமும் இருந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 2, செவ்வாய்

கடுகண்ணாவைக்குப் போனேன். மாஸ்டர் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். டயர் கேட்டது தான்தான் என்று அவர் பொலிசில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். எழுந்து மழைப்பக்க ஜன்னலைச் சாத்தினார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "முதலாளி, நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவன். இந்த நேரத்தில் என் பெயர் அங்கே எழுதப்படக்கூடாது. அழகையா நல்லவன் என்று எனக்குத் தெரியும்."

தெரியுமாம்.

வாசல்வரை வந்து குடை தந்தார். வாங்கிக்கொண்டேன். கோபம் வரும் என்று பஸ்ஸில் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

ஜூன் 5, வெள்ளி

மழை. டியூப் கொஞ்சம் போனது. பெல் ஒன்று.

ஜூன் 8, திங்கள்

அவனைக் கொழும்புக்கு மாற்றப் போகிறார்கள் என்று கேள்வி. அங்கே போனால் எந்தக் கதவைத் தட்டுவது?

றவூப் வந்து கதவைப் பாதி சாத்திவிட்டுப் பேசினார். "பொலிசுக்கு நீங்க தனியப் போக வாணாம். நானும் வாரன், வெளிய நிக்கிறன். உள்ளுக்கு எடுத்தா யாருக்குச் சொல்லணும், அத மட்டும் சொல்லுங்க."

யாருக்குச் சொல்ல? எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. தங்கச்சிதான். அவளுக்குத்தான் புருஷன் வேண்டும். இப்படிக் கூட்டிக் கழித்தால் கணக்கு எளிது. பத்து நாளாக ஏன் இப்படிப் பார்க்கவில்லை?

ஜூன் 9, செவ்வாய், காலை

வெள்ளைச் சட்டை. அடையாள அட்டை. இரண்டு வகை டயரிலும் ஒவ்வொன்று தோளில். சாவி பாலாம்பிகையிடம்.  என் சட்டைக் கொலரை அவள் சரிசெய்தாள்.

ஆகஸ்ட் 22, சனி

நேற்றுத்தான் விட்டார்கள். றவூப்பின் வான் வண்டியில் வந்தேன்.

எழுத வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். அன்று பொலிசில் ஓர் அதிகாரி டயர்களை மேசைமேல் வைக்கச் சொன்னார். அகலம் ஏன் அடைத்துக்கொள்கிறது, ஒடுக்கம் ஏன் பிடிக்கிறது, பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழவேண்டியதுதான் என்று எல்லாம் சிங்களத்தில் சொன்னேன். கடையில் சொல்வதுபோலவே சொன்னேன். பட்டன்களை விரலால் அமுக்கிப் பார்த்தார். சிறுவயதில் தானும் சைக்கிள் ஓட்டியதாகச் சொன்னார். நல்ல மனிதர் என்றே நினைத்தேன்.

"நீ சொல்வதும் அவன் சொன்னதும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அவன் போகலாம்."

நானும் எழுந்தேன்.

"நீ உட்கார். யோசனை உன்னுடையதுதானே."

மற்றதை எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

அழகையா கடையை ஒழுங்காக வைத்திருக்கிறான். மாஸ்டருக்கான டயரையும் ஜூன் கடைசியிலேயே கொடுத்துவிட்டானாம், ஒடுக்கமானது. எப்படிக் கொடுக்க மனம் வந்தது என்று கேட்டேன்.

"மனசப் பாத்தா குடுத்தேன்? வந்தாரு, கேட்டாரு. கடை தொறந்துதானே இருந்திச்சு மச்சான்."

அவன் இடது காது சரியாகக் கேட்கவில்லை. நான் வலது பக்கமாக நின்று பேசப் பழகிவிட்டேன்.

பாலாம்பிகை மூன்று வேளையும் சோறு அனுப்புகிறாள். 

ஆகஸ்ட் 29, சனி

மாஸ்டர் வந்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். போட்டியில் அவருடைய பையன்கள் ஒருவரும் விழவில்லையாம். மற்றக் கழகத்துக்காரர்கள் அகல டயரோடு வந்து சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்களாம். சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"மாதக்கணக்கில் காணவில்லையே, முதலாளி?"

"சுகமில்லை."

"இப்போது?"

"பரவாயில்லை."

எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது. ஒக்டோபர் மழைக்கு இன்னொரு போட்டி, இன்னும் டயர் வேண்டும் என்றார். களிக்கு ஒடுக்கமே நல்லது, கல் வரும் இடத்தில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். ஒரு டயரை மாட்டிக் காட்டலாம் என்று பம்பை எடுத்தேன். பம்பின் வாய் வால்வில் சேரவில்லை. மறுபடியும் வைத்தேன். சேரவில்லை. மாஸ்டர் தெருவைப் பார்த்தார்.

அழகையா வந்து பம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நீங்க வெலையச் சொல்லுங்க மச்சான், நான் அடிக்கிறேன்" என்றான்.

விலையைச் சொன்னேன்.