கிளப்பிவிட்டது யார்?

மார்ச் 3, திங்கள்

விடியற்காலை கடுங்குளிர், பத்து மணிக்கு மேல் மண்டை பிளக்கிற வெயில். நோர்வூட்டில் வாங்க வேண்டியவை: சவர்க்காரம், கருவாடு, போன் கார்ட்.

காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெரிய கலாட்டா. ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு இருக்கிறது, அங்கே கொழுந்து எடுக்கப் போகமாட்டோம் என்று பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள். முன்னால் நின்றது செல்வமணி. ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன். என்ன குரல்! "குளவி கொட்டிச் செத்தா தொரையா வந்து கொள்ளி வைப்பாரு?"

மத்தியானத்துக்குள், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஆள் அனுப்பிக் கூட்டைக் கொளுத்திவிட்டார். பிறகு தோட்டத்து மேனேஜர் பெரிய துரையிடம் போய், கூடே இல்லை, வேலைக்குக் கள்ளம் பண்ண அவள் கட்டிய கதை என்கிறார். இந்த மனுசனுக்குச் சோறு எப்படித்தான் இறங்குகிறதோ.

யாரிடமும் சொல்லாத விஷயம்: செல்வமணிக்குக் கூட்டைப் பற்றிச் சொன்னதே நான்தான். சனிக்கிழமை ஆபீஸில் கண்டாக்கையா போனில், "ஏழுல கூடு அப்புடியே இருக்கு, எடுக்க ஆளில்ல" என்று சொன்னது காதில் விழுந்தது. நேற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவளிடம் சொன்னேன். அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

பெரிய துரை சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் கடிதம் அடித்தேன். செல்வமணிக்குக் குற்றப்பத்திரம். பொய் சொல்லிப் பெண்களை 'இன்சைட்' செய்தாளாம். அந்தச் சொல் நின்றுவிட்டால் வேலை போகும். வேலையோடு, தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும். புருஷன் கொழும்பில் கடையொன்றில். இங்கே அவளும் இரண்டு பிள்ளைகளும்.

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். அடுத்தவர் மனதைக் கிளப்புவதற்கு இங்கிலீஷில்தான் எத்தனை சொல்.

இன்சைட் – கெட்டதுக்குத் தூண்டுவது.
ப்ரொவோக் – சீண்டிக் கோபம் வரவைப்பது.
இன்ஃப்ளேம் – எரிகிறதில் எண்ணெய்.
ரௌஸ் – சும்மா கிடக்கிற கூட்டத்தை உலுக்கி எழுப்புவது.
இன்ஸ்பைர் – நல்லதுக்கு. லயத்து ஆட்களுக்கு இந்தச் சொல்லை நான் இதுவரை டைப் செய்ததில்லை.
மூவ் – மனசு இளக வைப்பது.

இதில் எதை நான் யாருக்குச் செய்திருக்கிறேன்? நாற்பத்தொரு வயது. தம்பி கினிகத்தேனையில். சண்டைகூட இல்லை, பேசினால்தானே சண்டை. பெண் பார்க்க வந்தவர்கள் கோபித்துக்கொண்டுகூடப் போகவில்லை, டீ குடித்துவிட்டுப் போனார்கள். லயத்தில் நான் ஆபீஸ்காரி. ஆபீஸில் நான் லயத்துக்காரி. இரண்டு இடத்திலும் நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

அப்படிப்பட்ட என் ஒரு பேச்சால் அத்தனை பெண்கள் கூடையை இறக்கியிருக்கிறார்கள். பயம்தான். கூடவே ஒரு கெட்ட சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

மழை இல்லை. பீலியில் நூல் போலத் தண்ணீர். இடது முழங்கால் வலி.

செல்வமணியை ஆபீஸுக்குக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பெரிய துரை கேட்டார்: "கூடு இருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னது?" நான் பக்கத்து மேசையில்.

"யாரும் சொல்லலீங்க தொரை. நானே என் கண்ணால பாத்தேன்."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

விசாரணை வெள்ளிக்கிழமை. சோறு வடித்தேன், சாப்பிடவில்லை. வாயைத் திறந்தால் என் வேலையும் இந்தக் குவாட்டர்ஸும் போகலாம். திறக்காவிட்டால் அவள் பிள்ளைகளோடு நடுத்தெருவில். யாரிடம் யோசனை கேட்பது? தம்பியின் நம்பரை எடுத்தேன். அழைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. சவர்க்காரம் தீர்ந்துவிட்டது. பீலிக்குப் போகவில்லை. அவள் முகத்தில் முழிக்கத் தைரியமில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையிலேயே மூடுபனி, ஆபீஸில் லைட் போட்டு விசாரணை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது என் வேலை. கண்டாக்கையா கூசாமல் சொன்னார், ஏழில் கூடே இருந்ததில்லை என்று. பாதி எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். போனில் கேட்டதை, பீலியில் சொன்னதை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கிளப்பிவிட்டது நான்தான் சேர்."

பெரிய துரை சிரித்துவிட்டார். "நீங்களா மிஸ்? நீங்க யாரையும் கிளப்பிவிடுற ஆளா?"

கண்டாக்கையா சிரிக்கவில்லை. துரை அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

செல்வமணியின் கடிதம் வாபஸ். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்: ஆபீஸ் விஷயத்தை வெளியாளுக்கு 'இன்ஃபோர்ம்' செய்தேன் என்று. இருக்கிற சொற்களிலேயே உப்புச் சப்பில்லாத சொல். அதையும் நானே டைப் செய்து நானே வாங்கிக்கொண்டேன்.

சாயந்திரம் வாசலில் செல்வமணி. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்ததும் ஏச்சு.

"ஒங்களுக்குக் கூறு இருக்கா மிஸ்? நான் ஒங்க பேர வாய்க்குள்ளயே வச்சிக்கிட்டு நிக்கிறேன், நீங்களா போயி தலைய குடுக்குறீங்களே! எனக்கு நாலு சனம் இருக்கு, எங்கயாச்சும் ஒண்டிக்குவேன். ஒத்தக்கட்ட நீங்க, வேல போனா எங்க போவீங்க? சொல்லுங்க, எங்க போவீங்க?"

கண்ணெல்லாம் தண்ணீர் அவளுக்கு. பக்கத்துக் குவாட்டர்ஸில் கதவைத் திறந்து பார்த்தார்கள். எனக்காக ஒருத்தி தெருக் கேட்கச் சத்தம் போடுகிறாள். நான் பதிலே சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.