பெரிய ஃபெஹின், சின்ன ஃபெஹின்

மேட்டுச் சாலை, ரொஸ்தூ
12 ஏப்ரல் 1994, செவ்வாய்

திருமதி நோரின் கோய்ன் அவர்களுக்கு,

உறுதியான செய்தி: பிப்ரவரி 19 அன்று உங்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு ஃபெஹின் என்று பெயர் வைக்கப்போகிறீர்கள். ஆதாரம்: ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பாதிரியார் ஒட்டிய ஞானஸ்நானப் பட்டியல், மூன்றாவது வரி. இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன்.

ஆறு வருடமாக நமக்குள் பேச்சில்லை. மூன்று மைல் தள்ளி இருக்கும் தங்கைக்கு அஞ்சல்தலை ஒட்டி எழுதுகிறேன். அண்ணன் வேண்டாம், அவன் பெயர் மட்டும் வேண்டும், அதையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னது?

இந்த ஊரில் டோனல் பதினொரு பேர், மைக்கேல் பதினான்கு பேர். அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் விளங்கும். தீவில் இடிந்து கிடக்கும் மடத்தின் புனிதருடைய பெயரை, வேறு யாரும் வைக்கத் துணியாத பெயரை, அப்பா எனக்கு வைத்தார். அதற்காகப் பள்ளியில் உதை வாங்கியிருக்கிறேன். ஃபெஹின் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது நான்தான். நேற்றுவரை.

ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதே பெயரில் ஒரு குழந்தை வந்துவிட்டால், இருப்பவன் அன்றே "பெரிய" ஆகிவிடுவான். எனக்கு ஐம்பத்தேழு வயதுதான் ஆகிறது. நேற்று பன்றிக்கறி வாங்கப் போனேன். கடைக்காரி பைனா கீடி கல்லாவிலிருந்தே கத்துகிறாள்:

"வாங்க பெரிய ஃபெஹின்! சின்னவரு எப்படி இருக்காரு?"

"எந்தச் சின்னவரு?"

"அடக் கடவுளே, உங்களுக்கே தெரியாதா? செய்திக்காரருக்கே செய்தி போகலையாம்! யாராவது அந்தப் பெரியவருக்கு நாற்காலி போடுங்கப்பா!"

வரிசையில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். கறி வாங்காமல் திரும்பினேன்.

என் பெயரைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஃபெஹின் மல்கெரின்
(முன்னால் எந்த அடைமொழியும் இல்லாமல்)


படகுத்துறை, ரொஸ்தூ
15 ஏப்ரல்

அண்ணனுக்கு,

"அவர்களுக்கு" போட எனக்கும் வரும். மை வீண்.

பிள்ளை பிறந்து எட்டு வாரம் ஆகிறது. பால் குடிக்கிறானா, என்ன எடை, யார் சாயல் என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. முழுக்க உன் பெயர்தான்.

அந்தப் பெயரை நான் தேடிப்போகவில்லை. டோனல் போதும் என்றேன். பன்னிரண்டாவது டோனலாக இருந்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர் பார்ட்லிதான் பிடித்த பிடியில் நிற்கிறார். உன் பேனாவால் அடி வாங்கிய அதே பார்ட்லி.

மறந்திருப்பாய், அதனால் நினைவூட்டுகிறேன். 1988 நவம்பர், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. தப்புதான். ஒரு வருடம் வண்டியைத் தொடக்கூடாது என்று நீதிபதி தண்டனையும் கொடுத்துவிட்டார். நீ பேப்பருக்கு எழுதும் கோர்ட்டுச் செய்தியில் அவர் பெயரை மட்டும் போடாதே என்று உன் வாசலில் நின்று கேட்டேன். நீ கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. "ஒருத்தர் பேரை விட்டா எல்லார் பேரையும் விடணும், நோரின்" என்றாய். வெள்ளிக்கிழமை, பக்கம் பதினொன்றில் வந்தது. வண்டி ஓட்டத் தெரியாத நான் ஒரு வருடம் மிதிவண்டியில் அவர் பிடித்த சிங்கி இறால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட்டல்வரை ஒன்பது மைல் மிதித்தேன். வழியில் பல்லைக் காட்டியவர்கள் எல்லோரும் உன் வாசகர்கள்.

அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று பார்ட்லியிடம் மூன்று தடவை கேட்டேன். இறால் பிடிக்கும் கூடையைப் பின்னிக்கொண்டே சொல்கிறார்: "அன்னிக்குக் கோர்ட்டு பெஞ்சுல நாங்க ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். பேப்பர்ல ஆறு பேர்தான் வந்தோம். மிச்சத்தை உங்க அண்ணன்கிட்டயே கேளு."

கேட்கிறேன். யார் அந்த ஏழாவது?

நோரின்


மேட்டுச் சாலை
18 ஏப்ரல்

நோரின்,

பார்ட்லி எண்ணியது சரி. ஏழு வழக்கு, ஆறு பெயர். முப்பத்துநான்கு வருடத்தில் நான் விட்ட பெயர் அது ஒன்றுதான்.

அது ஒரு பெண். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்கு வண்டியில் போய், குளிப்பாட்டி, உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்துவிட்டு வருகிற வேலை. தகப்பனின் சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு மதிலில் மோதியிருந்தாள். அபராதத்தோடு விட்டார்கள். பேப்பரில் வந்தால் வேலை போயிருக்கும். நீதிமன்றப் படியில் என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன். அலுவலகத்துக்கு வந்து தட்டச்சு செய்தபோது ஆறு வரியோடு விரல் நின்றுவிட்டது.

பார்ட்லியை விட்டிருக்கலாமே என்பாய். விட்டிருக்க முடியாது. என் வீட்டு ஆளை முதலில் போட்டால்தான் மற்றவர்களைப் போட எனக்கு வாய் உண்டு. இதில் இன்றும் என் கருத்து மாறவில்லை.

எனக்கு ஆத்திரமெல்லாம் இப்போது உன் கணவன் மேல். அவனுக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மதுக்கடையில் எல்லோரும் எழுந்து, வளையாத பேனா என்று எனக்காகக் கோப்பை உயர்த்தினார்கள். அவனும் மூலையில் நின்று உயர்த்தினான். எப்படிச் சிரிக்காமல் இருந்தான்? வளைந்த பேனாவின் பெயரை மகனுக்கு வைக்க இவனுக்கு என்ன வீம்பு? நான் செய்த ஒரு தவறுக்கு உங்கள் பிள்ளை பெயர்ப்பலகையா? வேறு பெயர் வையுங்கள். இதை முன்பு எனக்காகக் கேட்டேன். இப்போது பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

என்ன எடை இருக்கிறான்?

ஃபெஹின்


படகுத்துறை
21 ஏப்ரல்

அண்ணா,

பதின்மூன்று பவுண்டு. உன் மூக்கு. அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். ஆக, உன்னால் முடியும்! விதி என்றால் விதி, அண்ணனால் மட்டும் என்ன செய்ய முடியும் என்று நடுவில் ஒரு வருடம் உன்மேல் இரக்கம்கூட வந்தது. அந்த இரக்கத்தை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கேட்காதவளுக்கு விட்டாய். கேட்டு நின்றவள் உன் தங்கை.

பார்ட்லியையும் நான் சும்மா விடவில்லை.

"வெட்கமா இல்ல உங்களுக்கு? உங்களைப் போட்டுட்டு எவளையோ விட்டிருக்கான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தன் ஆளை ஒளிச்சு வச்சுட்டு ஊரான் பேரைப் போடறவனை நிறையப் பார்த்தாச்சு. உங்க அண்ணன் ஒருத்தன்தான் மாத்திப் பண்ணான். அந்தப் பேரு என் பையனுக்கு வேணும்."

"யாரு அவ?"

"எழுதறவனே எழுதலை. மீன்பிடிக்கறவன் நான் சொல்லுவேனா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கழுதையோட ரெண்டு காது!"

சிரித்துக்கொண்டே படகுக்குப் போய்விட்டார்.

யாருக்காக இரங்கிய மனசு எனக்காக இரங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பிறப்புப் பதிவாளர் 28ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். பார்ட்லி கடலில் இருப்பார். பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போடப்போவது நான். புதன்கிழமை தபாலில் அவள் பெயர் வந்தால் பிள்ளை ஃபெஹின். வராவிட்டால் டோனல். அதன் பிறகு இந்த வாசலுக்கு நீயும் வேண்டாம், உன் பெயரும் வேண்டாம்.

நோரின்


மேட்டுச் சாலை
25 ஏப்ரல், திங்கள்

அன்புள்ள நோரின்,

அன்று நீ வாசலில் நின்றபோது நான் சொன்னது, அதற்கு முன் முப்பது வருடத்துக்கு உண்மை. அதே வாரத்தில் அதைப் பொய்யாக்கினேன். பொய்யான பிறகாவது உன் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. அது உனக்கு நான் செய்த அநியாயம். மற்றவர்களின் பிழைகளை அச்சில் ஏற்றியே பழகியவன், என் பிழையை இத்தனை வருடம் கழித்துத்தான் எழுதுகிறேன்.

ஆனால் நீ செய்வது என்ன நியாயம்? பதின்மூன்று பவுண்டுக் குழந்தையைத் தராசில் வைத்து ஒரு பெண்ணின் பெயரைக் கேட்கிறாய். அவள் இன்றும் அதே வேலையில் இருக்கிறாள். அவள் வண்டி போகிற சாலையில்தான் நீ பிள்ளையைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாய். தெரிந்துவிட்டால் உன் முகம் அதை மறைக்காது. உன் முகம் என்றைக்கும் எதையும் மறைத்ததில்லை. ஒரு வாரத்தில் பைனா கீடிக்குத் தெரியும். மறுவாரம் அவளை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதற்கு 1988இலேயே நான் ஏழாவது வரியையும் அச்சில் போட்டிருக்கலாம்.

நீ கேட்ட பெயரைத் தரமாட்டேன். நான் திருப்பிக் கேட்ட பெயரை இனிக் கேட்கவில்லை. வைப்பதும் விடுவதும் உன் கையில்.

இந்தக் கடிதம் புதன்கிழமை தபாலில் உனக்குக் கிடைக்கும். வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பதிவாளரிடம் நீ என்ன சொல்வாய் என்பது மட்டும் இன்னும் தெரியாது. ஞானஸ்நானம் ஞாயிறு, மே முதல் தேதி. திருத்தம் ஏதாவது இருந்தால் சனிக்கிழமை மாலைக்குள் புதிய பட்டியல் ஒட்டிவிடுவதாகப் பாதிரியார் சொல்கிறார். அதுவரை யாரிடமும் விசாரிக்க மாட்டேன். நானே போய்ப் படித்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
ஃபெஹின்