வெயிலை மறிப்பவர்

2006 ஏப்ரல் 3, திங்கள்

விடியும்போதே வேர்வை. குழாயில் தண்ணீர் வந்ததும் பூவரச மரத்தடி டிரம்மை நிரப்பினேன். இன்று: வரலாறு இரண்டு பாடம், பாவாடை ஓரம் தைத்தல், பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம். தலைப்பு ‘நிலக்கரிக்குப் பிறகு என்ன?’

மாலையில் மரத்தடியில் நின்று சத்தமாகப் பேசிப் பார்த்தேன். நானே எழுதிய வரி: “வெயில் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அதை மறிப்பவர் எவராயினும் நாளைய தலைமுறையின் எதிரி.” நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளைச் சொல்கிறேன். மாடியிலிருந்து வீட்டுக்காரர் “த்ரே பியேன், பாப்பா” என்று பிரெஞ்சில் பாராட்டிக் கைதட்டினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெருவில் எல்லோரும் அவரை ‘சொல்தா’ என்பார்கள், சிப்பாய் என்று அர்த்தம். பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 5, புதன்

மொட்டை மாடியில் சொல்தாவுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர். மதியத்துக்குமேல் மர நிழல் விழுகிறதாம், பொருத்த வந்தவர்கள் சொன்னார்கள்.

உடனே கீழே வந்துவிட்டார், மரத்தை வெட்டப்போவதாகச் சொல்ல. நாங்கள் வாடகைக்கு இருக்கும் பின்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மர நிழல்தான் காப்பாற்றுகிறது. அப்பாவுக்கு சேதராப்பட்டு ஃபாக்டரியில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். அம்மா அதையெல்லாம் சொன்னாள். கிளையை மட்டும் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள்.

அவர் என்னைக் காட்டினார். “உங்க பொண்ணுதாம்மா சொல்லுது, வெயில மறிக்கிறவன் எதிரின்னு. இந்த மரந்தானே மறிக்குது?”

நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் படியேறிவிட்டார்.

ராத்திரி சோறு போடும்போது அம்மா சொன்னாள்: “நல்லா பேசின போ. மேலேர்ந்து கைதட்டுனாங்கல்ல?”

ஏப்ரல் 8, சனி

வெட்டிவிட்டார்கள். டிரம் தண்ணீர் முழுக்க மஞ்சள் பூ. சொ. (சொல்தாவை இனி இப்படித்தான் எழுதுவேன்) நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. கிழட்டுக் குரங்கு. (எழுதியதை அடிக்கப்போவதில்லை. இருக்கட்டும்.)

ஏப்ரல் 11, செவ்வாய்

போட்டி. அந்த வரியை விட்டுவிட நினைத்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குத்தான் கைதட்டலே. இரண்டாம் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ். அம்மா திறந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் ஃபேன் பகல் முழுக்க ஓடுகிறது, அனல்தான் வருகிறது. அப்பா தூங்காமலே வேலைக்குப் போகிறார். நேற்று மிஷின் பக்கத்தில் கண்ணசந்துவிட்டாராம், பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்தாராம். சொ. ஹீட்டரால் கரண்ட் மிச்சமாவதைத் தெருவுக்கே சொல்கிறார். எங்கள் ஃபேனை யார் கணக்கில் எழுதுவார்கள்?

ஏப்ரல் 13, வியாழன்

மதியம். அப்பா ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில், தூக்கம் வராமல் கண் திறந்தபடி. சொ. வாளியோடு கீழே வந்தார், காதோரம் சோப்பு நுரை. மாடித் தொட்டி சுடுகிறதாம், எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தானாம். ஹீட்டரே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒரு வாளி பச்சத்தண்ணி குடும்மா. உங்க டிரம்முல எப்பவும் ஜில்லுன்னு இருக்குமே.”

அம்மா எழுந்திருக்கவில்லை. “மொண்டு குடுடி.”

மொண்டு ஊற்றினேன். கையை விட்டுப் பார்த்தவர் வெடுக்கென்று எடுத்தார். “இதுவும் ஏன் இப்படிச் சுடுது?”

நான் சொன்னேன்: “இப்பதான் வெயில யாரும் மறிக்கலையே, ஐயா.”