குழம்பைத் திட்டுகிறார்கள், கல்யாணத்துக்கு நாள் பார்

ராஜபாளையத்துக்கே மகுடமாகிய அக்காள் குருவம்மாள் சமுகத்துக்கு, கொழும்புத் துறைமுகத்தைச் சோற்றுக்கடை அகப்பையால் ஆளும் தம்பி பால்ச்சாமி எழுதிக்கொண்டது. யானையோடு மல்லுக்கட்டும் சுகத்தில் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி?

வியாபாரம் தேறிவிட்டதா, பணமில்லாமல் நின்றுபோன உன் மகள் வெள்ளத்தாயின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே யாரைக் கேட்டாலும், "ஊருக்குத் தேறிருச்சு, எனக்குத்தான் இல்ல" என்கிறார்கள். ஆனால் நேற்று, மூட்டை தூக்கும் வன்னியம்பட்டி சுந்தரபாண்டியன் இலையைத் தள்ளிவிட்டு இரைந்தார்.

"ஏலே பால்ச்சாமி! இது குழம்பா, கடலா? எம்புட்டு உப்பு!"

அவரைக் கட்டிக்கொண்டேன், அக்கா! துறைமுகத்தில் வேலையே இல்லாத இரண்டு வருஷமும், என் குழம்பில் பாறாங்கல் கிடந்தாலும் கும்பிட்டுத் தின்ற மனுஷன்!

"காலம் தேறிருச்சா அண்ணாச்சி?"

"எங்க தேறுச்சு? படுமோசம்லா" என்றவர், அதே மூச்சில் இரண்டு பொரித்த மீன் கேட்டார்.

இன்று மட்டும் பத்தாயிரம் பேர் என் சமையலைத் திட்டியிருப்பார்கள். காதுக்கு நாயனம் வாசித்தது போல இருந்தது. ஆகவே தைரியமாக நாளைக் குறி. தாய்மாமன் சீரைக் கண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரே வழிவிட்டு ஒதுங்கும். சாத்தூர் ரயிலடிக்கு வண்டி அனுப்பு. நீயும் கூட வா. வண்டிக்காரனுக்கு என் முகம் மறந்திருக்கும்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. வெள்ளத்தாய்க்கு வளையல் வாங்க வேண்டும். அவள் கையளவுக்கு ஒரு நூலை வெட்டி, பதில் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. நான் கப்பல் ஏறியபோது அந்தக் கை என் ஒரு விரலைத்தான் பிடித்திருந்தது.