துப்பாத சாமை

ஜமுனாமரத்தூர்
மார்கழி 20

பாஞ்சாலைக்கு ரங்கன் எழுதுவது. இங்கே நான் நலம். ஓசூரில் நீயும் நம் மகள் கலைவாணியும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன் வீரன் கொண்டுவந்த சாமை காய்ந்துதான் இருந்தது. பதினாலு மூட்டையும். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. வேறு எதை எழுதுவதற்கும் முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். இதைக் காகிதத்தில்தான் தருவேன். சந்தையில் நின்று வாயால் சொல்லமாட்டேன், அதை எதிர்பார்க்காதே.

போன் எடுக்கமாட்டேன் என்கிறாய். கலைவாணி எடுத்தால் "அம்மா குளிக்கிறாங்க" என்கிறாள். இரண்டு மாதமாகவா ஒருத்தி குளிப்பாள்? அதனால்தான் தபால். இதை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நேரமானாலும் நீயே எழுத்துக்கூட்டிப் படி. இதில் பாதி விஷயம் நம் இரண்டு பேரைத் தாண்டிப் போகக்கூடாது.

பல் நன்றாக இருக்கிறது. மேல்வரிசை பன்னிரண்டும் அசையவில்லை. வீக்கம் சுத்தமாக வடிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் பத்து வயது குறைந்துவிட்டேன் என்கிறார்கள். முறுக்கு கடிக்கிறேன். கறி கடிக்கிறேன். ருசி தெரிகிறது, ஆனால் கடித்தோம் என்கிற நினைப்பு வரமாட்டேன் என்கிறது. கையுறை போட்டுக்கொண்டு நோட்டு எண்ணுவதுபோல இருக்கிறது. அது எதனால் என்று இப்போது தெரியும். சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். சர்க்கரையில் ஈறு கெட்டு மேல்வரிசை ஒவ்வொன்றாக விழுந்தது போக மிச்சம் நின்ற நாலையும் போளூரில் பிடுங்கினார்கள். அன்றிலிருந்து எனக்காக நீ கடித்தாய், மூன்று வருஷம். மூட்டையில் குத்தூசி போட்டு நாலு சாமை மணி எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பாய். காய்ந்த சாமை பல்லை ஒரு உதை உதைத்துவிட்டு உடையும், ஈரச் சாமை நசுங்கும். நல்லது என்றால் விழுங்குவாய். ஈரம் என்றால் துப்புவாய். ஒரு வார்த்தை பேசமாட்டாய். மலையில் இருக்கிற அத்தனை பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீ துப்பினால் எவனும் எதிர்த்துப் பேசியதில்லை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி காயவைத்துக் கொண்டுவருவான். முப்பது வருஷத்துக்கு முன்னால் புளியைத் தலைச்சுமையாகப் படவேட்டுக்கு இறக்கி, ஒரு பலகையும் தராசுமாக இந்த மண்டியை ஆரம்பித்தவன் நான். எனக்கு அந்த மரியாதை என்றைக்கும் கிடைத்ததில்லை. இதையும் எழுத்தில் தருகிறேன்.

நடுவில் கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று வாங்கினேன். அது தும்மலில் சாமை மேட்டில் விழுந்ததும், மூட்டை தூக்குகிற சின்னக்குழந்தை படியால் அள்ளி எடுத்து, "ரங்கண்ணா, சாமையோட இது ஒண்ணு கூடுதலா கீது, இதுக்கு இன்னா வெல போடுவ?" என்று கேட்டதும், சந்தையே சிரித்ததும் உனக்குத் தெரியும். நீயும் சிரித்தாய். முந்தானையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாய், ஆனாலும் பார்த்துவிட்டேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எலும்பிலேயே திருகு முடுக்கி நிரந்தரமாகப் பல் வைப்பது, பிறகு ஒருத்தர் வாயையும் நம்பி வியாபாரம் செய்வதில்லை என்று.

சித்திரையில் வேலூரில் ஆறு திருகு வைத்தார்கள். பத்து நாள் கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டி எனக்கு ஊற்றினாய். மறக்கவில்லை. அந்தப் பல் டாக்டர் அபிநயா உன்னையும் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க முன்பல்லும் ஆடுதே, உட்காருங்க பாத்துடலாம்" என்று சொன்னதும் மறக்கவில்லை. "அது அப்பறம் ஆவட்டும்" என்று சொன்னது நான்தான். உன் பல் கல் கடித்து மூலை உடைந்தது எனக்கு முந்தின வருஷமே தெரியும். சீசன் நேரத்தில் சொன்னால் நீ கடிப்பதை நிறுத்திவிடுவாயோ என்று சும்மா இருந்தேன்.

திருகு பிடிக்க ஆறு மாதம். ஐப்பசியில் பல் மாட்டினார்கள். அடுத்த சந்தை நாளில் உன் அண்ணன் மூட்டை இறக்கினான்.

அன்றைக்கு நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. முதல் மணியை நான்தான் கடித்தேன். உதைப்பு வரவில்லை. இன்னொரு மூட்டையில் எடுத்துக் கடித்தேன், வரவில்லை. ஈரம் என்றேன். நீ எடுத்துக் கடித்துவிட்டு, "காஞ்சிதாங்க கீது, நல்லா பாருங்க" என்றாய். மூன்று வருஷத்தில் மண்டியில் நீ வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. போன வருஷம் ஆலங்காயம் மில்லில் பூசணம் என்று திரும்பி வந்த இரண்டு லோடும் அந்த நிமிஷத்தில் கண்ணுக்கு முன்னால் நின்றது. மூன்று வருஷமாகப் பிறந்த வீட்டு மூட்டையை என் தலையில் கட்டியிருக்கிறாள் என்று கணக்குப் போட்டேன். அந்த இரண்டு லோடும் மில் கிடங்கு ஒழுகி நனைந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"உங்கண்ணன் மூட்டன்னா உனக்கு எல்லாமே காஞ்சிதாண்டி இருக்கும். துப்பு" என்றேன். நீ துப்பவில்லை. தாடையைப் பிடித்தேன். அடித்தார் என்று கலைவாணி சொல்லித் திரிகிறாளாம். அடிக்கவில்லை, தாடையைத்தான் பிடித்தேன். வீரன் ஓடிவந்து, "மாப்ள, நான் மூட்டய தூக்கினு போயிடறேன், அவள வுடு" என்று கையைப் பிடித்தான். நீ என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாய். பிறகு குத்தூசியை மூட்டைமேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாய். சந்தையில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்கு அப்புறம் நடந்ததை யாராவது சொல்லியிருப்பார்கள். வீரன் அன்றைக்கே ஒரு வண்டி பிடித்து ஆலங்காயம் போனான். மலை இறக்கத்தில் மழை. தார்ப்பாய் கிழிசல். நான் இல்லாத ஈரத்தைச் சொன்னேன், மழை அதை உண்மையாக்கிவிட்டது. கோழித் தீவனத்துக்குத்தான் போனது. வாங்கின காசு வண்டி வாடகைக்கும் கடைப் பாக்கிக்கும் சரியாகிவிட்டது. அவன் மகள் சுவேதா நர்சிங் காலேஜுக்குக் கட்டவேண்டிய தவணை நின்றது, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார்த்திகை முழுக்க அந்தப் பெண் ஆடு ஓட்டினாள்.

நான் கடித்து வாங்கின சாமைக்கு வருகிறேன். நீ போனபிறகு உதைப்பை விட்டுவிட்டு, உடைகிற சத்தத்தை வைத்து நாற்பது மூட்டை காய்ந்தது என்று நம்பி ஏற்றினேன். மில்காரர் பார்த்திபன் ஈரம் பார்க்கிற மிஷினில் ஒரு கைப்பிடி போட்டுவிட்டு, "இன்னா ரங்கன், குளிப்பாட்டி எடுத்தாந்தியா?" என்றார். முப்பது வருஷத்தில் என்னை அவர் அப்படிக் கேட்டதில்லை. என் சட்டைப் பையில் வீரன் மூட்டையில் எடுத்த சாம்பிள் பொட்டலம் அன்றைக்கும் இருந்தது. பஞ்சாயத்து என்று வந்தால் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதையும் போடச் சொன்னேன். நம்பரைப் பார்த்துவிட்டு, "இதுதான் சரக்கு. இத எவன்கிட்ட வாங்கன?" என்றார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நேராக வேலூர் போனேன். டாக்டரிடம் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சொந்தப் பல்லைச் சுத்தி மெல்லிசா ஒரு நார் இருக்கும் ஐயா. கெட்டியா மெத்தையான்னு அதுதான் சொல்லும். இது எலும்புல நேரா முடுக்கின திருகு. நல்லா கடிக்கும், கடிச்சது எப்படின்னு சொல்லாது. கீழ்ப்பல்லு கொஞ்சம் சொல்லும், பழையபடி வராது. முதல் நாளே சொன்னேன். எத்தனை வருஷம் உழைக்கும்னு மட்டும்தான் நீங்க திருப்பித் திருப்பிக் கேட்டீங்க" என்றாள். உண்மைதான். அதை மட்டும்தான் கேட்டேன். மூன்று லட்சத்து எண்பதாயிரம் கொடுத்து ஒரு ஊமையை வாயில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மிஷின் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். வாங்கினேன். மேசைமேல் வைத்த அன்றைக்கே மூன்று பேர் இறக்கின மூட்டையைத் திரும்ப ஏற்றினார்கள். கீழ்நாட்டு வியாபாரிகள் மிஷினில் நம்பரைத் தள்ளிவைத்து ஏமாற்றிய கதை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். "அக்கா இல்லியா? அக்கா கடிச்சா போடறோம், இல்லன்னா சடையன் மண்டிக்குப் போறோம்" என்கிறார்கள். சடையனுக்கு வாயும் கிடையாது, மிஷினும் கிடையாது. ஆனாலும் அவன் பெண்டாட்டியின் தாடையைப் பிடித்ததில்லையாம். ஒரு கிழவி என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள். தை பிறந்தால் குதிரில் இருப்பதை எல்லோரும் இறக்குவார்கள். இந்த வருஷம் அது சடையனுக்குப் போனால் அடுத்த வருஷம் திரும்பி வராது. அதனால்தான் கூப்பிடுகிறேன். வேறு பேச்சுப் பேசி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. வீடு எப்படி இருக்கிறது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எருமை கன்று போட்டது, கிடேரி. அவ்வளவுதான்.

புதுப் பல்லுக்கு ஒன்றும் தெரியாது என்பது டாக்டருக்கும் எனக்கும் இப்போது உனக்கும்தான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். நீ ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டால், புருஷன் கூப்பிட்டார் என்று மட்டும் சொல். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி கடிப்பேன், பேருக்கு. நீ விழுங்கினால் விழுங்குவேன், நீ துப்பினால் துப்புவேன்.

உனக்கும் டாக்டரிடம் நாள் கேட்டுவிட்டேன், தை பத்து. ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கம்பி கட்டி நிறுத்த முடியுமாம். பிடுங்கிவிட்டு என்னைப்போல வைத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டாலும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். காசுக்காக இல்லை. வைத்த பல் நமக்கு உதவாது. அதுவரை வலது பக்கம் மென்று சாப்பிடு. ஓசூர் குளிரில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்காதே. உப்புப் போட்ட வெந்நீர்தான்.

முந்தாநாள் வீரன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே பேசினேன். "மாப்ள, என் தங்கச்சிய மூட்டக் கணக்குல சேக்கிறியா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் உன் அண்ணி வசந்தி உள்ளேயிருந்து, "ரோசம் அப்பறம் படலாம். பொண்ணு வூட்ல குந்தினு கீது, குடுக்கறத வாங்கு" என்றாள். வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைத் திட்டாதே. வேறு வழி வைக்காமல்தான் போனேன்.

கலைவாணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீ நூறு வயது நல்ல பல்லோடு இருக்கவேண்டும், அதைத்தான் சாமியிடம் கேட்கிறேன். வா பாஞ்சாலை.

வீரனோடு பேசி முடித்தது இது. காய்ந்த சாமை விலை, மூட்டைக்கு மூவாயிரத்து இருநூறு. பதினாலு மூட்டைக்கு நாற்பத்துநாலாயிரத்து எண்ணூறு. பாதி கொடுத்தாயிற்று, சுவேதாவுக்கு நேற்று காலேஜில் கட்டிவிட்டார்கள். தை மூன்றாம் தேதி வீரனே ஓசூர் வருவான், நீ அவனோடு பஸ் ஏறவேண்டும். ஏறாவிட்டால் வாங்கின பாதியை அவன் திருப்பித் தரவேண்டும். மீதிப் பாதி, நீ மண்டியில் உட்கார்ந்து முதல் மூட்டையைக் கடித்து விழுங்குகிற அன்று.

இப்படிக்கு
ரங்கன்