பிடித்தம்

தர்மாவரம்
12.6.2023

அன்புள்ள குணாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தபால் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து நாளாக நீ என்னென்ன நினைத்து அழுதிருப்பாய் என்று எனக்குத் தெரியும். சத்யப்ரியாவிடம் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல். பொய் இல்லை. இங்கே ஒரு பட்டுத்தறிக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஆரணி பஸ் ஸ்டாண்ட் எதிரே குடை போட்டு உட்கார்ந்து கிரெடிட் கார்டு கொடுத்தார்களே, அதில் ஒன்று வாங்கினேன். முதலாளியிடமிருந்து பாவு நூல் வராமல் தறி சும்மா கிடந்த மூன்று மாதமும் நம் வீட்டு அரிசி, பருப்பு, சத்யாவின் பள்ளிக்கூடப் பணம் எல்லாம் அதில்தான் ஓடியது. சீட்டு எடுத்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய். பிறகு அதைக் கட்ட இன்னொரு கார்டு. ஒரு கடையில் கார்டைத் தேய்த்துக் காசாக வாங்கி, இதை அதிலும் அதை இதிலும் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்கிறார்கள்.

புதன்கிழமை போனில் ஒருவன் சொன்னான்: "நாளைக்கு உன் ஊட்டாண்ட வர்றோம். தெரு மொத்தம் நின்னு பாக்கட்டும். உன் பொண்ணு எந்த இஸ்கூல்ல படிக்குதுன்னும் எங்களுக்குத் தெரியும்." அதற்குப் பிறகு எனக்குக் கை கால் ஓடவில்லை. பாதி நெய்த புடவையைத் தறியில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். சிம்மையும் கழற்றி எறிந்துவிட்டேன். இங்கிருந்து உன் நம்பருக்குப் பேசினால் கண்டுபிடித்துவிடுவார்களாம், கூட வேலை செய்பவர் சொல்கிறார். அதனால்தான் கடிதம். முகவரியை யாரிடமும் காட்டாதே.

என்னைத் திட்டு. ஆனால் பதில் போடு.

உன்
பாலமுருகன்


சேவூர்
19.6.2023

சத்யா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டச் சொல்லியிருக்கிறீர்கள். நேரம் இல்லை, பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கிளம்பிய அன்றே அந்த ஆள் வந்துவிட்டார். உங்கள் வயசுதான் இருக்கும். வாசலில் நின்று சத்தமாகப் பேசினார். எதிர்வீட்டு விருத்தாம்பாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். என்ன கடன் என்றே தெரியாத எனக்குக் கடன்காரி என்று பெயர். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். அப்புறம் நான் சொன்னேன்: "நீங்க பேசிகினே இருக்கறீங்க, எனக்கு ஒண்ணும் புரியல. எவ்ளோ, எதுக்கு, யாருக்குன்னு எழுதிக் குடுங்க." எழுதியெல்லாம் தர மாட்டோம் என்றார். "அப்ப எழுதித் தர்றவங்ககிட்டயே போய்ப் பேசிக்கிறேன்" என்றேன். அவர் போன பிறகு சத்யா வரும் வரைக்கும் கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் வங்கிக்குப் போனேன். நான்சி என்று ஒரு பெண் அதிகாரி. பீரோவில் உங்கள் துணிக்கு அடியில் நீங்கள் ஒளித்து வைத்திருந்த காகிதங்களைக் காட்டினேன். மூன்று வருடமாக ஒரு மாதம் விடாமல், பில்லில் கேட்கிற குறைந்தபட்சத் தொகையை, அந்த மினிமத்தை மட்டும் கட்டியிருக்கிறார், கடைசி மூன்று மாதம்தான் அதுவும் நின்றிருக்கிறது என்றார். மீதிக்கு நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டியாம். நம் தெருவில் மூன்று வட்டிக்கு விடுகிறவரையே மண்ணை வாரித் தூற்றுகிறோம். நீங்கள் மூன்றரைக்கு வாங்கிவிட்டு, தவறாமல் கட்டினேன் என்று பேனாவால் டிக் வேறு போட்டு வைத்திருக்கிறீர்கள். ஏன் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

முதலாளி மாணிக்கவேல் வந்து தறியைப் பார்த்தார். ஆவணியில் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவையாம். நானே முடித்துத் தருகிறேன் என்று தறியில் இறங்கிவிட்டேன்.

உங்கள் சார்பில் நான் பேச நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். உடனே அனுப்புங்கள்.

குணசுந்தரி


தர்மாவரம்
3.7.2023

அன்புள்ள குணாவுக்கு,

ஏன் என்று கேட்டாய். சிரிக்காதே. நான் அதைப் பிடித்தம் என்று நினைத்தேன்.

நம் முதலாளி அட்வான்ஸ் கொடுத்தால் என்ன செய்வார்? ஒவ்வொரு புடவைக் கூலியிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். மீதி அட்வான்ஸ் அது பாட்டுக்கு நிற்கும். வட்டி கிடையாது. நாம் நெய்கிற வரைக்கும் யாரும் வந்து கேட்பதில்லை. என் அப்பா வாங்கிய அட்வான்ஸை நான் பத்து வருடம் பிடித்தத்தில்தான் கழித்தேன். வங்கிக்காரன் மினிமம் கட்டினால் போதும் என்றதும், சரி, இவனும் ஒரு முதலாளி, இதுவும் பிடித்தம் என்று எடுத்துக்கொண்டேன். தவறாமல் கட்டினால் மரியாதை என்று நினைத்தேன். போன் வந்த அன்றுதான் நான் கட்டிய எதுவும் கடனைத் தொடவே இல்லை என்று தெரிந்தது. முப்பது வருடம் நெய்தவனுக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

கையெழுத்து வேண்டாம் குணா. கையெழுத்துப் போட்டுத்தான் இதில் விழுந்தேன். அந்தக் கடிதத்தில் இந்த ஊர் பெயர் போய்விட்டால்? இங்கே பக்கத்துத் தறிக்காரனின் போன் அடித்தாலும் எனக்குத் தறி நாடா கையிலிருந்து நழுவுகிறது. சம்பளத்தில் ஏழாயிரத்தை உன் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டிருக்கிறேன். நீயே ஏதாவது செய். என்னைக் கூப்பிடாதே.

பாலமுருகன்


சேவூர்
11.7.2023

சத்யா அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் கையெழுத்து இல்லாமல் வங்கியில் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் அங்கே பயப்படுகிறீர்கள், நான் இங்கே பயந்துகொண்டே சோறாக்குகிறேன். சத்யா பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்து நிமிடம் தாமதமானால் முனை வரைக்கும் ஓடுகிறேன். உங்கள் பயத்தில் பாதியையாவது நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஊர் பெயர் போடவில்லை. பேனா எடுத்துப் பெயரை எழுதினால் போதும்.

குணசுந்தரி


தர்மாவரம்
20.7.2023

குணா,

போட்டுவிட்டேன். மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்துவிட்டேன். நான்காவது தடவை சத்யா முனையில் திரும்பி வருவதை நினைத்துக்கொண்டு போட்டேன்.

பாலு


சேவூர்
21.1.2024

சத்யா அப்பாவுக்கு,

பொங்கலுக்கு வருவீர்கள் என்று சத்யா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் அனுப்பிய துணியைக் கட்டிக்கொள்ளாமல் மடித்து வைத்திருக்கிறாள். குறை சொல்லவில்லை, தகவல் சொல்கிறேன்.

பெரிய கார்டின் பாக்கியைப் பதினெட்டு மாதத் தவணையாக மாற்றிவிட்டார்கள். வட்டி பாதிக்கும் கீழே. ஆகஸ்டிலிருந்து ஒரு மாதமும் தவறவில்லை. நடுவில் ஒருவர், பாதி கட்டுங்கள், மீதியைத் தள்ளிவிடுகிறோம் என்று ஆசை காட்டினார். நான் கிட்டத்தட்டச் சரி என்றுவிட்டேன். நான்சி மேடம்தான், பாதி கட்டி முடித்தவர் என்று உங்கள் பெயரில் எழுதி வைத்துவிடுவார்கள், நாளைக்குத் தறிக் கடன்கூடக் கிடைக்காது என்றார். முழுசாகவே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சின்னக் கார்டை அடைத்துவிட்டேன், என் கம்மல் போய்விட்டது. அந்தக் கார்டைக் கத்தரியால் நாலாக வெட்டிப்போட்டு அன்றைக்குப் பாயசம் வைத்தேன். அடுத்த மாதம் வருடக் கட்டணம் என்று பில் வந்தது. வெட்டினால் கணக்கு மூடாதாம், எழுதிக் கொடுத்துத்தான் மூட வேண்டுமாம். எழுதிக் கொடுத்து, பாக்கி இல்லை என்று அவர்கள் கையால் காகிதம் வாங்கி வைத்திருக்கிறேன். பாயசம் வீண்.

அந்த ஆள் இப்போது வருவதில்லை. நீங்கள் வரலாம்.

குணசுந்தரி


தர்மாவரம்
6.10.2024

அன்புள்ள குணாவுக்கு,

உன் போன கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். இரண்டு கார்டும் ஒழியப்போகிற நேரத்தில் உன் பெயரில் ஒரு கார்டு வாங்கியிருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உனக்கு என்ன பைத்தியமா? அந்தச் சனியனை ஏன் மறுபடி வீட்டுக்குள் விட்டாய்? யார் சொன்னாலும் கேட்காதே, திருப்பிக் கொடுத்துவிடு.

ஊருக்கு வா என்று எழுதுகிறாய். ஜனவரியில் கடைசித் தவணை முடியட்டும், பார்க்கலாம். விருத்தாம்பாள் முகத்தில் எப்படி விழிப்பது? இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. போன் இல்லாமல் இருந்து பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், இப்படியே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பணம் மாதாமாதம் வரும். கோபப்படாதே.

பாலு


சேவூர்
2.3.2025

சத்யா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை. கோபம்தான். கடைசித் தவணை முடிந்து காகிதம் கைக்கு வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். வந்துவிட்டது. பெரிய கார்டும் மூடியாகிவிட்டது, பாக்கி இல்லை. காகிதத்தின் நகல் இதில் இருக்கிறது. அசலை அனுப்ப மாட்டேன், நீங்கள் வந்து பாருங்கள்.

என் கார்டுக்குப் பயந்தீர்கள். பதினைந்தாயிரம் டெபாசிட் போட்டு அதன் பேரில் வாங்கியது. அதற்கு மேல் தேய்க்க நினைத்தாலும் முடியாது. கரண்ட் பில்லும் கேஸ் சிலிண்டரும் மட்டும்தான். முழுப் பணமும் தேதிக்கு முன்னால் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மினிமம் என்ற இடத்தைப் பார்ப்பதே இல்லை. கையில் காசு இல்லாததை அதில் வாங்குவதும் இல்லை. விரலை அறுத்துக்கொண்டோம் என்று அரிவாள்மணையை எறிந்துவிட்டா சமைக்கிறோம்?

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றே முக்கால் வருடமாகச் சொல்லாதது.

நீங்கள் எறிந்த சிம் என்னிடம்தான் இருக்கிறது. புடவையை முடிக்கத் தறிக்குழியில் இறங்கிய அன்று மிதிபலகைக்கு அடியில் கிடைத்தது. வீசி எறிகிறவர் வீட்டுக்கு வெளியே எறியக் கூடாதா? சத்யாவின் பழைய போனில் போட்டேன். முதல் நாள் முப்பத்தொரு தடவை அடித்தது. நான்தான் எடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்தேன். உங்களைக் கேட்டார்கள், நான் அவர் மனைவி, சொல்லுங்கள் என்றேன். என்னைச் சொல்லாத பேச்சு இல்லை. காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று விதி இருப்பதை நான்சி மேடத்திடம் தெரிந்துகொண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். முதல் ஆறு மாதம் அது அடிக்கும்போதெல்லாம் சத்யாவுக்குக் கேட்காமல் கொல்லைப் பக்கம் போய்த்தான் எடுத்தேன். உங்களிடம் சொன்னால் இன்னும் தூரமாக ஓடிவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. போன் இல்லாமல் பழகிவிட்டது என்று எழுதினீர்களே, அது எப்படிப் பழகியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிறகு குறைந்தது. கடைசியாக ஒரு பெண் கூப்பிட்டாள். நல்ல வாடிக்கையாளராம் நீங்கள், புதுக் கார்டு தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் தாயே என்று வைத்துவிட்டேன். பதினொரு நாளாக அடிக்கவே இல்லை.

சத்யாவுக்கு இந்த மாதக் கடைசியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. நான் இனிமேல் கடிதம் எழுதப் போவதில்லை. எழுதி எழுதி உங்களை அங்கேயே குடிவைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கார்டுக்காரனுக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை. மாதாமாதம் ஏழாயிரம் அனுப்பிவிட்டு மனுஷன் மட்டும் வராமல் இருப்பது எங்களுக்கு மினிமம் கட்டுகிற மாதிரிதான்.

சிம்மை இந்தக் கடிதத்தோடு ஒட்டி அனுப்புகிறேன். ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் செய்திருக்கிறேன். ஒரு போன் வாங்கி, காசு கொடுத்து வாங்கி, அதில் போடுங்கள். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அடிக்கும். ஒரு தடவைதான் அடிப்பேன்.

பயப்படாதீர்கள். நான்தான்.

குணசுந்தரி